மணி அடித்தால் மட்டும் போதாது, எந்த அறை என்றும் சொல்ல வேண்டும்

கொல்லிமலையில் மிளகு, காப்பி, வாழை, பலா இவற்றை வாங்கிக் கீழே அனுப்புவதும், கீழேயிருந்து அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை ஏற்றி வந்து மலைக் கடைகளுக்கு மொத்தமாகக் கொடுப்பதும் என் தொழில். நான் படித்தது எஸ்.எஸ்.எல்.சி. வரைதான். மின்சாரம் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று சிலர் கேட்கலாம். தகுதி ஒன்றும் இல்லை. சோதித்துப் பார்க்காமல் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன். அதன் பலனாக என் காவல்காரரின் வலது கை வெந்தது. அந்தப் பாடத்தைத்தான் இங்கே சொல்கிறேன்.

கடன் திரும்பி வருமா, விலை நிற்குமா என்று நாம் இரவெல்லாம் கணக்குப் போடுகிறோம். தீ விஷயத்தில் மட்டும் இன்சூரன்ஸ் பிரீமியத்தைக் கட்டிவிட்டு, சாமி படத்துக்குக் கற்பூரம் காட்டிவிட்டு, ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டுப் போய்விடுகிறோம். நானும் வெகு காலம் அப்படித்தான் இருந்தேன்.

பூட்டிய கடையில் பிடிக்கும் தீ

1985 மே 30 அன்று சென்னை மூர் மார்க்கெட் தீக்கு இரையானது. எத்தனையோ சிறு வியாபாரிகளின் பிழைப்பு அதோடு போயிற்று. 2017 மே 31 அன்று விடியற்காலையில் தியாகராய நகரில் சென்னை சில்க்ஸ் கட்டடத்தில் தீப்பிடித்தது. அடித்தளத்தில் தொடங்கிய தீ ஒரு நாளுக்கு மேல் எரிந்து, கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்து விழுந்தது. மீதியையும் இடிக்க வேண்டியதாயிற்று. 2018 பிப்ரவரி 2 இரவில் மதுரை மீனாட்சியம்மன் கோயில் கடைகளில் பிடித்த தீ, வீரவசந்தராயர் மண்டபத்தையே சேதப்படுத்தியது.

சென்னையிலும் மதுரையிலும் தண்ணீர் லாரி உண்டு, தீயணைப்பு நிலையங்கள் அருகில் உண்டு. அங்கேயே இந்தக் கதி. நம் மலைக்கு வருவோம். காரவள்ளியிலிருந்து ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். பகலிலேயே லாரி ஊர்ந்துதான் வரும். மார்கழி இரவில் மூடுபனி இறங்கிவிட்டால் முன்னால் போகும் வண்டியின் சிவப்பு விளக்குகூடத் தெரியாது. 101-க்குப் போன் செய்வது முதல் கடமை, அதை ஒருபோதும் தள்ளிப்போடக் கூடாது. ஆனால் வண்டி எங்கிருந்து கிளம்பினாலும் மலைப்பாதையில் பறந்து வர முடியாது. ஆகவே முதல் பத்து நிமிஷம் நம் பொறுப்பு. அந்தப் பத்து நிமிஷத்தை நமக்குக் கொடுப்பதுதான் தீ எச்சரிப்பு மணியின் வேலை.

பழைய முறையும் முகவரி முறையும்

தீ எச்சரிப்பில் இரண்டு வகை உண்டு. பழைய வகையில், ஒரு பகுதியில் உள்ள பத்துப் பதினைந்து உணர்கருவிகளையும் ஒரே வயரில் கோத்துப் பேனலில் கொடுத்திருப்பார்கள். எது புகையைக் கண்டாலும் அந்தப் பகுதியின் சிவப்பு விளக்கு எரியும், மணி அடிக்கும். எந்தக் கருவி என்று தெரியாது. நாம்தான் ஓடி ஓடித் தேட வேண்டும். “செம்மேட்டுக்குக் கடிதம் வந்திருக்கிறது” என்று தபால்காரர் சொல்லிவிட்டுப் போவது போல.

இரண்டாவது வகையைத்தான் அட்ரஸபிள் முறை என்கிறார்கள். முகவரி முறை என்று நாம் சொல்லலாம். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு கதவிலக்கம் உண்டு. பேனல் சில வினாடிகளுக்கு ஒருமுறை ஒவ்வொரு எண்ணையும் கூப்பிட்டு நலம் விசாரித்துக்கொண்டே இருக்கும். 7-ஆம் எண் பதில் சொல்லவில்லை என்றால், கருவி பழுது அல்லது யாரோ கழற்றிவிட்டார்கள் என்று காட்டும். 7-ஆம் எண் புகை என்று சொன்னால், பேனலின் திரையில் அந்த எண்ணும் அந்த இடத்தின் பெயரும் எழுத்தில் வரும். இருட்டில் எந்த ஷட்டரைத் திறப்பது என்று தேட வேண்டாம்.

இதில் வயர் போடும் விதமும் வேறு. பேனலிலிருந்து கிளம்பும் இரண்டு இழை வயர் எல்லாக் கருவிகள் வழியாகவும் போய், மீண்டும் பேனலுக்கே திரும்பி வரும். மாலை கட்டுவது போல ஒரு வளையம். எலி ஓரிடத்தில் வயரைக் கடித்து அறுத்தாலும் பேனல் இரு முனையிலிருந்தும் பேசும், ஒரு கருவியும் ஊமையாகாது. அறுந்த செய்தி மட்டும் பழுது என்று வரும். வயர் அறுபடாமல் இரு இழையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது? அதற்காக நடுநடுவே ஐசொலேட்டர் என்ற துண்டிப்பான் வைக்க வேண்டும். கெட்ட பகுதியை அது மட்டும் வெட்டி ஒதுக்கிவிடும். விலைப்பட்டியலில் இதைக் குறைத்துவிட்டு மலிவாகக் கொடுப்பவர்கள் உண்டு. துண்டிப்பான் எத்தனை, எங்கெங்கே என்று முதலிலேயே கேளுங்கள்.

எந்தச் சரக்குக்கு எந்தக் கருவி

சாக்கு, அட்டைப்பெட்டி, பஞ்சு இவையெல்லாம் சட்டென்று கொழுந்துவிடாமல் வெகு நேரம் புகைந்துகொண்டிருக்கும். அங்கே புகை உணர்கருவிதான் சரி. மிளகாய்த்தூள், மல்லித்தூள் அரைக்கும் இடத்திலும், மூட்டை உதறும் இடத்திலும், டீ போடும் இடத்திலும் புகைக் கருவி வைத்தால் தினமும் மணி அடிக்கும். அங்கே வெப்ப உணர்கருவி வைக்க வேண்டும். புகை, வெப்பம் இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் கலப்புக் கருவியும் உண்டு.

நம் மலைக்கென்று ஒரு தனிச் சங்கடம் இருக்கிறது. புகைக் கருவிக்குள் சிறு ஒளிக்கதிர் ஒன்று ஓடும். புகைத்துகள் அதில் பட்டு ஒளி சிதறினால் கருவி புகை என்று முடிவு செய்யும். மூடுபனியும் அதே போலத்தான் ஒளியைச் சிதறடிக்கும். மேகம் வாசல் வழியாகக் கிட்டங்கிக்குள் வந்து போகும் ஊர் இது. கருவிக்குப் பனி எது, புகை எது என்று தெரியாது. ஆகையால் கதவு, ஜன்னல், ஓட்டுச் சந்து இவற்றின் அருகே வெறும் புகைக் கருவியை வைக்காதீர்கள். கலப்புக் கருவியோ வெப்பக் கருவியோ போடச் சொல்லுங்கள். கீழே சமவெளியில் வேலை செய்து பழகியவருக்கு இது தானாகத் தோன்றாது. நாம்தான் சொல்ல வேண்டும்.

இடம் வைப்பதற்கும் கணக்கு உண்டு. சமமான கூரையில், அறையின் எந்த மூலையும் ஒரு புகைக் கருவியிலிருந்து ஏழரை மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது பிரிட்டிஷ் தரவிதி. வெப்பக் கருவியானால் 5.3 மீட்டர். நம் நாட்டில் இதற்குரிய தரவிதி ஐ.எஸ். 2189. ஒப்பந்தத்தில் அந்த எண்ணை எழுதி வாங்குங்கள். சரிவான தகரக் கூரையானால் முகட்டை ஒட்டியும் கருவி வேண்டும், புகை அங்கேதான் போய்ச் சேரும். சுவருக்கும் கருவிக்கும் அரை மீட்டர் இடைவெளி வேண்டும். மூட்டை அட்டியும் கருவியைத் தொடுமளவு உயரக் கூடாது. அதற்குக் கீழே எல்லாப் பக்கமும் அரை மீட்டர் காலியாக இருக்கட்டும். சீசனில் இடம் போதவில்லை என்று கூரை வரை அடுக்குகிறோமே, அன்றைக்கு அந்தக் கருவி குருடாகிவிடுகிறது.

என் கிட்டங்கியில் நடந்தது

சில வருஷங்களுக்கு முன் என் கிட்டங்கிக்கு இந்த முகவரி முறையைப் போட்டேன். மிளகு, காப்பிக்கு ஓர் அறை, தானியத்துக்கு ஓர் அறை, எண்ணெய் டின்களுக்கு ஓர் அறை, காலிச் சாக்குக்கு ஒரு மூலை, முன்னால் ஆபீஸ். வேலைக்கு வந்தவர்கள் இரண்டு நாளில் வயர் இழுத்துக் கருவிகளை மாட்டினார்கள். கடைசி நாள் சாயங்காலம் வாசலில் இருந்த சிவப்புப் பெட்டியின் கண்ணாடியை அழுத்திக் காட்டினார்கள். மணி ஊரே கேட்கும்படி அடித்தது. எனக்குச் சந்தோஷம். கடைசிப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றார்கள். நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன். “எல்லாக் கருவிகளும் சோதித்துக் காட்டப்பட்டன” என்று அதில் அச்சிட்டிருந்தது. நான் படித்துப் பார்க்கவில்லை.

கார்த்திகை பிறந்தது, பனி வந்தது. வாரத்துக்கு இரண்டு இரவு மணி அடித்தது. காவல்காரர் ஓடிப்போய்ப் பார்ப்பார், ஒன்றும் இருக்காது. “முதலாளி, பனிதானுங்க” என்பார். நான் படுக்கையிலிருந்தே, “மணியை நிறுத்திட்டுப் படுங்க” என்பேன். இது எங்களுக்குப் பழக்கமாகிவிட்டது.

மார்கழியில் ஒரு நாள் இரவு, மணி இரண்டு இருக்கும். மீண்டும் மணி அடித்தது. பேனலில் மிளகு அறை என்று வந்தது. காவல்காரரும் என் மகனும் மிளகு அறையைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார்கள். புகை இல்லை, வாடை இல்லை. வழக்கமான பனி என்று பூட்டிவிட்டு, மணியையும் நிறுத்திவிட்டு வந்தார்கள். கால் மணி நேரம் கழித்துக் காவல்காரருக்குச் சாக்கு கருகும் வாடை வந்தது. எண்ணெய் அறைச் சந்தில் புகை கசிந்துகொண்டிருந்தது. அங்கே சுவிட்ச் பலகைக்குக் கீழே யாரோ போட்டு வைத்த காலிச் சாக்குகள், தளர்ந்த வயரின் பொறி பட்டுப் புகைந்து, அப்போதுதான் கொழுந்துவிட்டிருந்தன.

மகன் மெயினை அணைத்துவிட்டுப் பவுடர் சிலிண்டரைத் தூக்கி வந்தான். அதற்குள் காவல்காரர் எரிகிற சாக்குக் கட்டை எண்ணெய் டின்களிலிருந்து தள்ளி வெளியே இழுத்துப் போட்டிருந்தார். அந்த டின்கள் பற்றியிருந்தால் கிட்டங்கியோடு பக்கத்து நான்கு கடைகளும் போயிருக்கும். அவருக்குக் கை முழங்கை வரை வெந்தது. இரண்டு மாசம் அவரால் தானாகச் சோறு எடுத்துச் சாப்பிட முடியவில்லை.

பேனல் பொய் சொன்னது ஏன்? மறுநாள் வேறொரு டெக்னீஷியனை வரவழைத்துப் பார்த்தோம். மிளகு அறைக் கருவிக்கு 7, எண்ணெய் அறைக் கருவிக்கு 11 என்று எழுதியிருந்தது. மாட்டும்போது இரண்டையும் மாற்றி மாட்டிவிட்டார்கள். ஒவ்வொரு கருவிக்கும் புகை காட்டிச் சோதித்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். இன்னொன்றும் தெரிந்தது. தானிய அறையில் ஒரு கருவியின் மேல் தூசி படாமல் இருக்கப் போடும் பிளாஸ்டிக் மூடி அப்படியே இருந்தது. அந்தக் கருவி ஒரு நாளும் மூச்சுவிடவே இல்லை.

மாற்றி மாட்டியது அவர்கள் தவறு. ஆனால் கையெழுத்து என்னுடையது. எடை பார்க்காமல் ஒரு மூட்டை மிளகு இறக்க மாட்டேன். பேனலை மட்டும் நிறுத்துப் பார்க்காமல் வாங்கினேன்.

கமிஷனிங்: வரிசையாகச் செய்ய வேண்டியவை

கமிஷன் என்றதும் நமக்குத் தரகுதான் நினைவுக்கு வரும். இங்கே கமிஷனிங் என்பது மாட்டிய சாதனத்தை ஒவ்வொன்றாகச் சோதித்து, ஓடவைத்து, நம் கையில் ஒப்படைக்கும் வேலை. அன்றைக்கு முதலாளி அல்லது பொறுப்பான மகன் கூடவே நிற்க வேண்டும். கணக்குப்பிள்ளையை நிறுத்திவிட்டுச் சந்தைக்குப் போகாதீர்கள்.

1. வயர் சோதனை. கருவிகளை மாட்டுவதற்கு முன்பே வயரில் அறுப்பு இல்லை, இரு இழைகளுக்கு நடுவிலும் பூமிக்கும் கசிவு இல்லை என்று மெகர் வைத்துப் பார்க்க வேண்டும். கருவிகளை மாட்டிய பின் மெகர் வைத்தால் அதன் உயர்ந்த அழுத்தத்தில் உள்ளே இருக்கும் எலெக்ட்ரானிக் பாகங்கள் கெட்டுவிடும். ஆகவே இந்த வரிசை மாறக் கூடாது.

2. எண்ணும் பெயரும். ஒவ்வொரு கருவியின் எண்ணும் அடிப்பலகையில் வெளியே தெரியும்படி எழுதியிருக்க வேண்டும். ஓர் எண் இரண்டு கருவிக்கு இருக்கக் கூடாது. பேனலில் போடும் பெயர், நம் ஆட்கள் வாயால் சொல்லும் பெயராக இருக்கட்டும். “ஸ்டோர் 2” என்றால் நடுராத்திரியில் யாருக்கும் புரியாது. “எண்ணெய் ரூம்” என்றால் பொடியனும் ஓடுவான். பேனலில் ஆங்கில எழுத்துதான் வரும் என்றால் ஆங்கில எழுத்திலேயே அந்தத் தமிழ்ப் பெயரை எழுதச் சொல்லுங்கள்.

3. கருவிக்குக் கருவி சோதனை. பிளாஸ்டிக் மூடிகள் எல்லாம் கழற்றியாயிற்றா என்று எண்ணிப் பாருங்கள். பிறகு ஒருவர் சோதனைப் புகை டப்பாவோடு ஒவ்வொரு கருவிக்கும் போகட்டும். இன்னொருவர் பேனல் முன் பட்டியலோடு நிற்கட்டும். போனில் “இப்போ எண்ணெய் ரூம்” என்று அவர் சொல்ல, பேனலில் அதே பெயர் வந்தால் ஒரு டிக். ஒன்றுகூட விடக் கூடாது. வெப்பக் கருவிக்குச் சூடான காற்று ஊதும் சாதனம் உண்டு. காகிதத்தையோ கற்பூரத்தையோ கொளுத்திக் காட்டுவது தவறு. கரி படிந்து கருவி கெடும், கிட்டங்கியில் தீ மூட்டுவதும் புத்தியல்ல.

4. கை அழுத்துப் பெட்டி. வாசல்தோறும், கையெட்டும் உயரத்தில், சுமார் 1.4 மீட்டரில் இருக்க வேண்டும். முன்னால் மூட்டை அடுக்கக் கூடாது. ஒவ்வொன்றையும் அழுத்திப் பாருங்கள்.

5. மணிச் சத்தம். சாதாரண இடத்தில் குறைந்தது 65 டெசிபல் கேட்க வேண்டும். ஆள் தூங்கும் இடமானால் தலைமாட்டில் 75 வேண்டும். டெசிபல் மீட்டர் கையில் இல்லாவிட்டால், காவல்காரர் படுக்கும் இடத்தில் கதவைச் சாத்திக்கொண்டு நீங்களே படுத்துப் பாருங்கள்.

6. வயரை அறுத்துப் பார்த்தல். வளையத்தில் ஓரிடத்தில் வயரைக் கழற்றச் சொல்லுங்கள். பேனல் பழுது என்று காட்ட வேண்டும், ஆனால் எல்லாக் கருவிகளும் தொடர்ந்து வேலை செய்ய வேண்டும். பிறகு இரு இழைகளையும் தொடச் சொல்லுங்கள். துண்டிப்பான்களுக்கு நடுவிலுள்ள அந்தப் பகுதி மட்டும் ஒதுங்க வேண்டும். ஒரு கருவியைக் கழற்றினால் அதன் பெயர் வர வேண்டும்.

7. பாட்டரி. பேனலுக்குள் 12 வோல்ட் பாட்டரி இரண்டு இருக்கும், சேர்ந்து 24 வோல்ட். கரண்ட் இல்லாமல் 24 மணி நேரம் காத்திருந்து, அதன் பிறகும் அரை மணி நேரம் மணி அடிக்க வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போனால் நம் மலையில் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. மெயினை அணைத்து ஒரு நாள் விட்டுப் பாருங்கள்.

8. மின்னலும் எர்த்தும். மலையில் இடி அதிகம். பேனலுக்கு நல்ல எர்த்தும், மின்னழுத்தப் பாய்ச்சலைத் தடுக்கும் சர்ஜ் அரெஸ்டரும் வேண்டும்.

9. ஒரு வாரம் ஓடவிடுதல். எல்லாம் சரியானாலும் உடனே கையெழுத்து வேண்டாம். பனி, தூசி, லாரிப் புகை, லோடு இறக்கும் நாள் எல்லாம் ஒருமுறை வந்து போகட்டும். வீண் மணி அடித்தால் எந்த எண், எந்த நேரம் என்று குறித்து, கருவியின் வகையையோ இடத்தையோ மாற்றச் சொல்லுங்கள். மணியை நிறுத்திவைப்பது இதற்கு மருந்து ஆகாது.

10. காகிதங்கள். வயர் போன வழியைக் காட்டும் வரைபடம், எண்-பெயர்ப் பட்டியல், சோதனைத் தாள், பேனலை இயக்கும் முறை. வரைபடத்தின் ஒரு பிரதி பேனலுக்குப் பக்கத்தில் சுவரிலேயே இருக்கட்டும். இவை கைக்கு வந்த பிறகு கையெழுத்து, கடைசித் தவணைப் பணமும் அப்போதுதான்.

மாட்டிய பிறகு

வாரத்தில் ஒரு நாள், சந்தை நாள் காலையாக வைத்துக்கொள்ளலாம், ஒரு பெட்டியை அழுத்திப் பாருங்கள். அடுத்த வாரம் வேறு பெட்டி. தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். இன்சூரன்ஸ் மனுவில் தீ எச்சரிப்பு இருக்கிறது என்று எழுதியிருந்தால், அது ஓடும் நிலையில் இருந்ததற்கு அந்த நோட்டே சாட்சி.

பூச்சிக்கு அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைக்கும் கிட்டங்கிகளுக்கு ஓர் எச்சரிக்கை. அந்த வாயு செம்பை அரிக்கும், கருவிக்குள் இருக்கும் நுண்ணிய பாகங்களைக் கெடுக்கும். மாத்திரை வைப்பதற்கு முன் எச்சரிப்பு சாதனம் பராமரிப்பவரிடம் சொல்லி, கருவிகளைக் கழற்ற வேண்டுமா என்று கேளுங்கள். கழற்றினால் அத்தனை நாளும் வெளியே ஆள் காவல் வேண்டும். முடிந்ததும் திரும்ப மாட்டிச் சோதிக்க வேண்டும். அந்த மாத்திரையில் தண்ணீர் பட்டால் வாயு வேகமாகக் கிளம்பித் தானே தீப்பற்றவும் கூடும். ஒழுகும் கூரைக்குக் கீழே வைக்காதீர்கள்.

மணி தீயை அணைக்காது. பவுடர் சிலிண்டர், மணல் வாளி, மெயின் சுவிட்ச் இவை எங்கே என்று கடைப் பையன்வரை தெரிந்திருக்க வேண்டும். எரியும் எண்ணெயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. அறை முழுக்கப் புகை என்றால் உள்ளே போகவே கூடாது. சரக்குக்கு இன்சூரன்ஸ் உண்டு, ஆளுக்கு மாற்று இல்லை.

சிறு கடைக்காரருக்கு

“பெரிய கிட்டங்கிக்குச் சரி, பத்துக்குப் பத்து மளிகைக் கடைக்கு இது ஆகுமா?” என்று கேட்பீர்கள். தனிக் கடைக்குப் பாட்டரியில் ஓடும் தனிப் புகை மணி ஒன்றே போதும். ஆனால் வரிசையாக இருபது கடை உள்ள கடைவீதியானால், எல்லோரும் சேர்ந்து ஒரே பேனல் போடலாம். முகவரி முறையின் உண்மையான பயன் அங்கேதான். ஒரு கடைக்கு ஓர் எண். ஆறாம் கடையில் புகை என்றால் ஆறாம் கடை என்றே சொல்லும். யாராவது தொந்தரவு என்று தன் கருவியைக் கழற்றிவைத்தால் அதையும் கடை எண்ணோடு காட்டிக்கொடுக்கும். பேனல், இரவில் ஆள் இருக்கும் இடத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு கடையின் சாவி யாரிடம், போன் எண் என்ன என்ற பட்டியலும் அங்கேயே இருக்க வேண்டும். பூட்டிய ஷட்டருக்கு வெளியே நின்று மணியைக் கேட்டுக்கொண்டிருப்பதில் பயனில்லை. செலவையும் வருஷப் பராமரிப்பையும் கடைக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்ளலாம். சங்கக் கூட்டத்தில் இதைப் பேச வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

என் காவல்காரர் இப்போதும் என்னிடம்தான் இருக்கிறார். வாரா வாரம் பெட்டியை அழுத்தி நோட்டில் எழுதுவது அவர்தான். தழும்பு உள்ள அந்தக் கையால் “சரி” என்று எழுதுகிறார். அதற்குக் கீழே நான் கையெழுத்துப் போடுகிறேன். இப்போதெல்லாம் படித்துப் பார்த்துவிட்டுத்தான் போடுகிறேன்.